அத்திப்பள்ளி தாண்ட வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஊரில் தெரிந்தவர் கண்ணில் படாமல் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசனவாயில் அரிப்பு என்பதற்காக இவ்வளவு ஒளிய வேண்டாம். ஓசூர் சிப்காட்டில் உங்களோடு ஷிப்டு பார்ப்பவர்களிலேயே இதைச் சொல்லாமல் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகையிலேயே பதில் எழுதுகிறேன்.

இது சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய் அல்ல. அளவுக்கு மீறிக் கழுவுகிறவர்களுக்குத்தான் பல நேரம் வருகிறது. அந்த இடத்துத் தோல் மெல்லியது. சோப்பு போட்டுத் தேய்த்தால் பசை போய் வறண்டு வெடிக்கும், அரிக்கும், சொறிந்தால் புண்ணாகி இன்னும் அரிக்கும். எனவே வெறும் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஷிப்டு முடிந்ததும் வியர்த்த ஜட்டியை மாற்றிவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கிப் போடும் அந்தக் களிம்பு ட்யூப்தான் எனக்குக் கவலை. ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் சுகம் தரும்; நிறுத்தியதும் அரிப்பு திரும்பும். நாள்பட்டால் தோல் மெலியும்; படர்தாமரை இருந்தால் பரவும். நம் தோல் மருத்துவர்கள் பல வருடமாக எச்சரித்துவரும் விஷயம் இது. டாக்டர் சொல்லாமல் இனித் தொடாதீர்கள்.

ராத்திரியில்தான் அரிப்பு அதிகம் என்கிறீர்கள். அறையில் பலர் சேர்ந்து தங்குகிறீர்கள். கீரிப்பூச்சியாக இருக்கலாம். பெண் புழு இரவில் வெளியே வந்து முட்டையிடும். நகத்திலும் படுக்கையிலும் ஒட்டி அடுத்தவருக்குப் போகும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் அல்பெண்டசோல்தான் இதற்கும் மருந்து. டாக்டரைக் கேட்டு, அறையிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். நகம் வெட்டி, விரிப்பை வெந்நீரில் துவையுங்கள்.

சாப்பாடும் அரிப்பைத் தூண்டலாம். நைட் ஷிப்டு காபியைச் சில வாரம் விட்டுப் பாருங்கள். சிலருக்குக் காரமும், ராயக்கோட்டைச் சந்தையில் குவியும் தக்காளியும்கூட ஒத்துக்கொள்ளாது.

சர்க்கரையும் பாருங்கள், அதனாலும் அரிக்கும். வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது.

காரணம் மூலமா, வெடிப்பா என்பது டாக்டர் பார்த்தால்தான் தெரியும். ரத்தமோ கட்டியோ இருந்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் போகும் வழக்கம் மாறினாலோ ஒரு நாளும் தள்ளாதீர்கள். ஓசூர் அரசு மருத்துவமனைக்கே போங்கள். வாங்கிய ட்யூபையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்