தை மாசத்துத் தும்மலும் ஈர வைக்கோலும்

தை பிறந்தால் பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் சம்பா அறுப்பு. கதிர் அறுக்கிற மெஷின் வயலில் இறங்கியதும் தெருவே தும்ம ஆரம்பிக்கும். "சுணைப்பா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பார்கள். நிறைய பேருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு மாசி, பங்குனி வரைக்கும் மூக்கு ஒழுகும், ராத்திரி இளைப்பு வரும். அந்தச் சிலரில் நானும் ஒருத்தன்.

ரசாயனத்தை விட்டால் தும்மலும் விட்டுவிடும் என்று நம்பித்தான் இயற்கை வழிக்கு வந்தேன். மூணு வருஷம் ஆச்சு, விடவில்லை. "மருந்தே அடிக்கல, இன்னும் ஏன்டா இழுக்குது?" என்று அம்மா கேட்டபோது பதில் இல்லை. பூச்சிமருந்து வாடை மூச்சுக்குழாயைச் சுருக்கும், அது உண்மை. அதுக்காக வயலில் உள்ள மற்றதெல்லாம் மூக்குக்கு நல்லது என்று ஆகிவிடாது.

முதலில் மூணு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கணும். நெல் சுணையும் பதர்த் தூசும் யார் மூக்கில் போனாலும் உறுத்தும். அது அலர்ஜி இல்லை. நம்ம ஊர் தில்லை மரமும் அப்படித்தான். அதன் பால் கண்ணில் பட்டால் எல்லாருக்கும் எரியும்.

அலர்ஜி ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்தில் நிற்கிறவரை ஒன்றும் செய்யாத பொருளை நம் உடம்பு எதிரி என்று குறித்துக்கொண்டு, அதுக்கு ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைத்திருக்கும். மறுபடி அந்தப் பொருள் வந்தால் ஹிஸ்டமின் கொட்டும். மூக்கு அரிக்கும், அடுக்குத் தும்மல் வரும், தண்ணியாக ஒழுகும், கண் அரிக்கும். கீழே மூச்சுக்குழாயில் நடந்தால் அதுதான் வீசிங்.

மூணாவதைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். மழையில் நனைந்த வைக்கோலைக் காயவிடாமல் கட்டாகக் கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறும். அந்தச் சூட்டில் பூஞ்சையும், சூடு விரும்பும் நுண்ணுயிர்களும் பெருகும். கட்டைப் பிரிக்கும்போது வெள்ளைப் புகை மாதிரி எழுகிறதே, அது வெறும் தூசு இல்லை. அதைச் சுவாசித்த நாலு மணி முதல் எட்டு மணி நேரத்தில் சிலருக்குக் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம் வரும். காலையில் மாட்டுக்கு வைக்கோல் உதறியவருக்குச் சாயங்காலம் காய்ச்சல் என்றால் யாருக்கு வைக்கோல் ஞாபகம் வரும்? 1932-இல் இங்கிலாந்தில் கேம்ப்பெல் என்ற மருத்துவர் இதை எழுதிவைத்தார். 'உழவர் நுரையீரல்' என்று பேர். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் தழும்பாகிவிடும். நம் தாத்தாக்கள் காய்ந்த வைக்கோலைத்தான் போர் போட்டார்கள், மழைத்தண்ணி வழிந்தோட உச்சியைக் கூம்பாக மேய்ந்தார்கள். மாட்டுக்காகத்தான் செய்தார்கள், நம் மூச்சுக்கும் அது நல்லது.

மகரந்தத்துக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிகிற பூவைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். தேனும் வாசமும் உள்ள பூவின் மகரந்தம் தேனீ காலில் ஒட்டிப் போவது; காற்றில் அதிகம் பறக்காது. காற்றை நம்பிப் பூக்கும் அழகில்லாத பூக்கள்தான் அதிகம் தொந்தரவு. புல் இனங்கள் அப்படி. 1873-லேயே மான்செஸ்டர் மருத்துவர் பிளாக்லி தன் மூக்கிலேயே சோதித்துப் புல் மகரந்தத்தைக் குற்றவாளி என்று காட்டினார். நம் கடலோர மணல்மேட்டுச் சவுக்கும் அந்த வகைதான். ஆண் பூ பழுப்பாக நுனியில் இருக்கும், உலுக்கினால் பொடி பறக்கும். மத்தியானம் கடல்காற்று எடுத்தால் தோப்புக்கு மேற்கே இருக்கிற வயலுக்கு வரும். சீமைக்கருவேலம், பார்த்தீனியம் இரண்டும் இந்தியாவில் பேர்போன அலர்ஜிச் செடிகள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னே, கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

ரத்தத்திலும் தோலிலும் டெஸ்ட் எடுத்து "ஒண்ணுமில்லை" என்று வந்தவர்கள் மனம் தளர வேண்டாம். அந்த எதிர்ப்பொருள் சிலருக்கு மூக்குச் சவ்வில் மட்டும் உருவாகும், ரத்தத்தில் தெரியாது. ஸ்பெயின் நாட்டு மலாகா மருத்துவர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 'உள்ளிட ஒவ்வாமை' என்று சொல்லலாம். எனக்கு டெஸ்டில் வந்தது தூசுப்பூச்சி மட்டும். வைக்கோல் பூஞ்சை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

எனக்கு வழி காட்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, அன்றைய வேலை, காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் தும்மல் என்று நாலு கட்டம். ஒரு சம்பா முடிந்து உளுந்து பறிக்கிறதுக்குள்ளே தெரிந்துபோச்சு: அறுப்பு நாளை விட, மூடாக்குக்குப் பழைய வைக்கோல் உதறிய நாளில்தான் ராத்திரி இளைப்பு.

இப்போது மூடாக்கு வைக்கோலைத் தண்ணி தெளித்துத்தான் பிரிக்கிறேன், காற்றுக்கு முதுகு காட்டி நின்று. டிரைக்கோடெர்மா, பவேரியா பொடிகளும் பூஞ்சை விதைதான்; உலர்வாகத் தூவாமல் ஈர எருவில் கலக்குங்கள். துண்டு கட்டினால் பெரிய தூசு நிற்கும், பூஞ்சை விதை நிற்காது; என்-95 முகக்கவசம் வேண்டும். வீட்டுக்குள் போகும் முன் சட்டையைக் கழற்றிக் குளிக்கணும். மூக்கு கழுவ, கால் லிட்டர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு. தண்ணி கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்கணும், வாய்க்கால் தண்ணி கூடவே கூடாது.

மாட்டுக்கொட்டகையை மட்டும் பயந்து மூடிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரே மாதிரி வம்சாவளி உள்ள இரண்டு உழவர் சமூகங்களை ஒப்பிட்டு 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. குதிரை, மாட்டோடு வீட்டை ஒட்டி விவசாயம் செய்த ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம். எந்திரப் பண்ணை வைத்த ஹட்டரைட் குழந்தைகளில் சுமார் 21 சதவீதம். ஆனால் இது சின்ன வயசிலேயே பழகும் குழந்தைகளின் கதை. ஏற்கெனவே இளைப்பு உள்ளவர் கொட்டகையில் போய் நின்றால் குணமாகாது.

இன்ஹேலரை 'ரசாயனம்' என்று தூக்கிப் போட்டவர்களையும் நம் கூட்டங்களில் பார்க்கிறேன். தூதுவளை ரசம் தாராளமாகக் குடியுங்கள், இன்ஹேலரை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார நேரமில்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.