வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள்

காரைதீவு

அன்பு மருமகனுக்கு,

நீ போனில் அனுப்பிய பயிற்சி முகாம் விளம்பரத்தை மாமா முன்னும் பின்னுமாக வாசித்தாயிற்று. கொழும்பு ஹோட்டல் ஒன்றில் நான்கு நாள். காலை எட்டு மணி முதல் இரவு பதினொரு மணி வரை வகுப்பு. போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே நடப்பதை வெளியில் கதைக்கக் கூடாது. கட்டணம் உன் இரண்டு மாதச் சம்பளம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் கழிவு உண்டு. உன்னோடு வேலை செய்கிற பொடியன் போய் வந்து ஆளே மாறிவிட்டான் என்கிறாய். குறைகிற காசுக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்கிறாய்.

விடை முதலில். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாதே. பிறகாவது கட்டலாமா என்பதற்குத்தான் மிச்சக் கடிதம்.

இந்த வகை முகாம் புதிதல்ல. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் என்பவர் ‘எஸ்ட்’ என்றொரு பயிற்சியைத் தொடங்கினார். ஆள் உளவியல் படித்தவரல்லர். காரும் புத்தகத் தொகுதிகளும் விற்றுப் பேச்சில் தேறியவர். இரண்டு வார இறுதிகள், ஏறக்குறைய 60 மணி நேரம், ஒரே மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல். இடைவேளை வந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். பயிற்சியாளர் ஒவ்வொருவராக எழுப்பி, அவர்கள் சொல்லும் சாக்குகளை எல்லோர் முன்னாலும் உரித்துவிடுவார். 1984இல் ‘எஸ்ட்’ நின்றது. அடுத்த ஆண்டே ‘ஃபோரம்’ என்று மெருகேறி வந்தது. 1991இல் அது லேண்ட்மார்க் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கே மூன்று பகலும் பின்னர் ஒரு மாலையும். அந்த மாலைக்கு உறவினர், நண்பர்களை அழைத்து வரச் சொல்வார்கள். உன் விளம்பரத்திலும் ‘நிறைவு மாலை, விருந்தினருடன் வருக’ என்று இருக்கிறதே, அதே வழக்கம்தான்.

இதையெல்லாம் ஏமாற்று என்று ஒரே சொல்லில் தள்ளிவிட மாமாவுக்கு மனமில்லை. தூக்கம் குறைந்து, வெளியுலகம் அறுந்து, முன்பின் தெரியாதவர்கள் நடுவே மனிதன் நாலு நாள் இருக்கிறான். அம்மாவிடமும் சொல்லாத ஒன்றை ஒலிவாங்கியில் சொல்கிறான். மண்டபமே கை தட்டுகிறது. அந்த இரவில் அவனுக்கு வரும் கண்ணீர் பொய்யல்ல. உன் நண்பன் உன்னிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் முடிந்த இரவின் பரவசத்தை வைத்து முகாமை மதிப்பிட முடியுமா என்பதே கேள்வி. அதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜெஃப்ரி ஃபிஷரும் அவருடன் சேர்ந்த உளவியலாளர்களும் ‘ஃபோரம்’ போனவர்களைப் போகுமுன்னும், போய்ச் சில வாரங்களிலும், ஒன்றரை ஆண்டு கழித்தும் சோதித்தார்கள். போகாத, அவர்களையொத்த ஆட்களோடு ஒப்பிட்டார்கள். ஆய்வைக் கேட்டுச் செய்வித்தது எர்ஹார்ட்டின் நிறுவனமே. 1989இல் வந்த முடிவு இது: ‘என் வாழ்க்கை என் கையில்’ என்ற எண்ணம் முதலில் கொஞ்சம் கூடியிருந்தது, ஒன்றரை ஆண்டில் அதுவும் இல்லை. பெரிய தீமையும் தெரியவில்லை, பெரிய நன்மையும் தெரியவில்லை. இரண்டு மாதச் சம்பளத்துக்கு இது என்ன வியாபாரம் என்று நீயே கணக்குப் பார்.

இன்னொன்று அதைவிட முக்கியம். 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லீபர்மன், யாலம், மைல்ஸ் என்ற மூவர், அக்காலத்தில் பரவிய மனந்திறக்கும் குழுப் பயிற்சிகளை ஆராய்ந்தார்கள். பதினெட்டுக் குழுக்கள், இருநூறு மாணவர் அளவில். பலர் பயன் பெற்றார்கள். 16 பேருக்கு மாதக்கணக்கில் நீடித்த மனப் பாதிப்பு. அதிகம் சேதம் விளைந்தது, ஆளை மடக்கி எதிர்த்து நெருக்கும் கவர்ச்சிமிக்க தலைவர்களின் குழுக்களில். பாதிக்கப்பட்டவர் யார் யார் என்று அந்தத் தலைவர்களிடம் கேட்டால், அவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட இருந்த மாணவர்களே சரியாகக் காட்டினார்கள்.

மாமா சொல்ல வருவது இதுதான், மருமகன். மண்டபத்தில் நடந்ததற்கு மேடையில் நின்றவரும் நல்ல சாட்சியல்லர், கை தட்டியவரும் நல்ல சாட்சியல்லர். பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்தான் சாட்சி. அந்தச் சாட்சியை வெளியே நிறுத்துகிற முகாம் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படு.

அந்தச் சாட்சி சொல்வதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது கொடிய எடுத்துக்காட்டு. ‘தி சீக்ரெட்’ படத்தில் தோன்றிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஆர்தர் ரே, செடோனா அருகே ஐந்து நாள் முகாம் நடத்தினார். ஆளுக்கு 9,000 டொலருக்கு மேல் கட்டணம். ஒன்றரை நாள் அன்னந்தண்ணீர் இல்லாமல் தனியே வனாந்தரத்தில் இருக்க வைத்தபின், 2009 அக்டோபர் 8ஆம் தேதி, ஐம்பதுக்கும் அதிகமானவர்களைத் தார்ப்பாய் மூடிய தாழ்ந்த குடிலுக்குள் சுட்ட கற்களின் ஆவியில் இருத்தினார். உள்ளே ஆட்கள் மயங்குவதைப் பக்கத்தில் இருந்தவர்கள் கண்டு சொன்னதாக நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. பயிற்சி தொடர்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். 2011இல் ரே குற்றவாளி எனத் தீர்ப்பாகி இரண்டு ஆண்டு சிறை பெற்றார். உன் கொழும்பு ஹோட்டலில் இப்படி நடக்கும் என்று மாமா பயமுறுத்தவில்லை. படித்தவர்கள், காசுள்ளவர்கள், ‘எழும்பிப் போனால் தோற்றுப்போவேன்’ என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கவனி.

தீவிரமான பயிற்சி நம் கரைக்கும் தெரியாததல்ல. நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் தப்லீக் ஜமாஅத்தில் மூன்று நாள், நாற்பது நாள் என்று சொந்தச் செலவில் புறப்படுகிறவர்களை நீ சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாய். நோன்பின் கடைசிப் பத்தில் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாஃப் இருக்கிறவர்களும் உண்டு. நம் ஆட்கள் உகந்தையில் கும்பிட்டுக் காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். காலில் கொப்புளம், அரை வயிறு, வெறுந்தரையில் படுக்கை. எந்த ஹோட்டல் முகாமும் அந்த நடைக்கு ஈடாகாது. ஆனால் போனவர் திரும்பி அதே தெருவுக்கு, அதே கடைக்கு வருகிறார். கோபம் குறைந்ததா, கடனைக் கொடுத்தாரா, மனைவியோடு எப்படிக் கதைக்கிறார் என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. தான் மாறிவிட்டதாக அவரே சொல்வது இங்கே செல்லுபடியாகாது.

சுற்றத்துக்கு உள்ள இந்த இடத்தை 2004 சுனாமிக்குப் பிறகு ஆராய்ச்சியாகவே எழுதினார்கள். அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களை இழந்தது. நம் ஊரும் அதில் அடக்கம். வெளிநாட்டிலிருந்து மனநல உதவியென்று குழுக்கள் வந்திறங்கின. துயரப்பட்டவரை ஒரே அமர்வில் பேசவைத்து இறக்கிவிடும் முறை பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை என்று அதற்கு முன்பே ஆய்வுத் தொகுப்புகள் சொல்லியிருந்தன. இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ இங்குள்ள மக்களிடம் கேட்டறிந்தது வேறு: தங்களுக்கு ஏற்பட்ட சேதத்தை அவர்கள் நெஞ்சுக்குள் இருக்கும் நோயாக மட்டும் பார்க்கவில்லை, குடும்பத்திலும் சுற்றத்திலும் தங்கள் இடம் உடைந்ததாகவே பார்த்தார்கள். உடைந்தது அங்கே என்றால் பொருத்த வேண்டியதும் அங்கேதான். ஹோட்டல் மண்டபத்தில் அல்ல.

நம் ஊர் மயில்வாகனம் விபுலானந்த அடிகளான கதையை நீ பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தாய். ஒரு விஷயத்தை மட்டும் திரும்பப் பார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். இவ்வளவும் கைவசம் வைத்துக்கொண்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். மடம் அவரைக் கூடவே வைத்துப் பார்த்தது. துறவு கொடுத்தது 1924இல். அப்பேர்ப்பட்டவரைத் தெரிந்துகொள்ள இரண்டு ஆண்டு எடுத்த இடம் அது. வங்கி அட்டையை இழுத்த இரண்டு நிமிடத்தில் உன்னை ஏற்றுக்கொள்கிறவர்கள், உன்னைப் பற்றி என்ன தெரிந்து ஏற்றுக்கொள்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை என்ற கெடு அதனால்தான் மாமாவின் கண்ணை உறுத்துகிறது. நல்ல பயிற்சி அடுத்த மாதமும் நல்ல பயிற்சியாகவே இருக்கும். நீ நாலு பேரிடம் விசாரித்துவிடாமல் இருக்கத்தான் கெடு.

ஆகவே விசாரி. மணிக்கணக்கிட்ட நிகழ்ச்சி நிரலை எழுத்தில் கேள்: எத்தனை மணி நேரத் தூக்கம், இடையில் எழும்பி வெளியே போகலாமா, இரவில் அம்மாவோடு கதைக்கப் போன் தருவார்களா. இரண்டாம் நாள் விலகினால் எவ்வளவு காசு திரும்பும்? யாராவது நிலைகுலைந்தால் பார்க்கத் தகுதியுள்ள வைத்தியரோ உளவளத்துணையாளரோ இருக்கிறாரா? இதற்கு மேல் ‘அடுத்த நிலை’ உண்டா, அதன் விலை என்ன? ஆள் சேர்த்தால் உனக்குப் பங்கு என்று யாராவது சொன்னால் அத்தோடு நிறுத்து. பிரமிட் திட்டம் நம் நாட்டில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். 2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்களை வெளியிட்டது; அதைத் தேடி எடுத்து ஒத்துப்பார்.

எல்லாவற்றிலும் முக்கியமான விசாரணை உன் அலுவலகத்துப் பொடியனைப் பற்றியது. அவனிடம் கேட்காதே, அவன் ஏற்கனவே சொல்லிவிட்டான். அவன் தாயிடம் கேள், தங்கையிடம் கேள், அவனோடு ஒரே அறையில் இருக்கிறவனிடம் கேள். முகாம் போய் ஒரு வருடம் கழிந்த வேறொருவரையும் பிடித்து, அவர் வீட்டாரிடமும் கேள்.

கடுமையே குற்றம் என்று எண்ணிவிடாதே. பேராதனைக்கு அருகே ஹிந்தகலவில் தம்மகூட என்ற விபாசனா நிலையம் இருக்கிறது. எஸ்.என். கோயங்கா 1969 முதல் இந்தியாவில் பரப்பிய முறை. பத்து நாள் பயிற்சி, கடைசி நாள் வரை ஒருவரோடொருவர் பேச்சுக் கிடையாது, விடிய நாலு மணிக்கு மணி அடிக்கும், போனும் இல்லை. கடுமையில் உன் ஹோட்டல் முகாம் கிட்டவும் வராது. ஆனால் நேர அட்டவணையும் விதிகளும் விண்ணப்பிக்கும்போதே கையில் கிடைக்கும். உன் மனநலத்தைப் பற்றி முன்கூட்டியே கேட்பார்கள். கட்டணம் இல்லை, படித்து முடித்தவர் விரும்பினால் கொடுக்கலாம். அதற்கும் இந்த வருடம் போகாதே என்றே மாமா சொல்வேன்.

ஏனென்றால் உன் அப்பாவின் ஆண்டுத் திவசம் இன்னும் வரவில்லை. சரியாகத் தூங்குவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். துக்கத்தோடும் தூக்கக் குறைவோடும் இருக்கிறவனை நெருக்கிப் பிழிகிற இடத்துக்கு அனுப்பக் கூடாது. 1977இலேயே அமெரிக்க மனநல வைத்தியர்கள், ‘எஸ்ட்’ பயிற்சிக்குப் பின் மனநிலை கடுமையாகக் குழம்பி வந்த சிலரைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலானோருக்கு அதற்கு முன் மனநோய் இருக்கவில்லை. பயிற்சிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் உன்னைப் போன்றவன் பொறுத்திருக்க அந்தச் சந்தேகமே போதும். தூக்கம் இப்படியே போனால் அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போ. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

நீ எழுதியதில் உண்மையான குறை ஒன்றுதான்: கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேச எழும்பினால் நாக்கு ஒட்டுகிறது. அதற்கு நாலு நாள் முகாம் மருந்தல்ல. கொழும்பில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இருக்கின்றன. ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் தொடங்கியது. ஒழுங்காகக் கூடுவார்கள், நீ சில நிமிடம் பேச, கேட்டவர் எழும்பி எங்கே நன்று, எங்கே பிழை என்று சொல்வார். அதே முகங்கள் வருடம் முழுக்க உன்னைக் கேட்கும். முதல் நாள் விருந்தாளியாகப் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். செலவு முகாமோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஆறு மாதம் அப்படிப் போ. திவசத்துக்கு ஊருக்கு வா. அதற்குப் பிறகும் அந்த முகாம் வேண்டும் என்று தோன்றினால், மேலே உள்ள கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில் வந்திருந்தால், உன் சம்பளத்தில் சேர்த்த காசோடு போ. மாமா தடுக்க மாட்டேன். சங்கிலி மட்டும் அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். அவவிடம் இந்தக் கதையை நீ இன்னும் சொல்லவில்லை என்று தெரிகிறது. இன்றிரவே போன் எடுத்துச் சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா