உறக்கத்தின் சுற்றைக் கைபேசி அறிவது எப்படி?

கேள்வி: உறக்கம் லேசாக இருக்கும் நேரம் பார்த்து எழுப்பிவிடும் கைபேசிச் செயலிகள் எப்படித் தோன்றின? தலைமாட்டில் கிடக்கும் கைபேசிக்கு உறங்குபவரின் நிலை எவ்வாறு தெரிகிறது?
– வாசகர், மேல்சித்தாமூர், செஞ்சி

பதில்: உறக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை என்னும் அறிவு, மூளையின் மின்துடிப்புகளைக் காகிதத்தில் வரைந்து பார்க்க முடிந்த பிறகே மனிதருக்குக் கிட்டியது. ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் அத்துடிப்புகளை மனிதத் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டார். 1937இல் அமெரிக்கரான ஆல்ஃபிரட் லூமிஸும் அவருடன் பணியாற்றியவர்களும், உறங்குபவரின் மூளையலைகள் ஓர் இரவுக்குள் பலமுறை மாறுவதைக் கண்டு, அவற்றை ஐந்து நிலைகளாக வகுத்தனர்.

ஆயினும் செயலிகளுக்கு வித்திட்ட கண்டுபிடிப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அங்கு நதானியேல் கிளைட்மனிடம் ஆய்வு மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, கட்டடத்தின் அடித்தளத்தில் பயனின்றிக் கிடந்த பழைய பதிவுக் கருவியைத் தேடியெடுத்து, தம் எட்டு வயது மகனின் கண்ணோரங்களில் மின்முனைகளை ஒட்டி, அவன் உறங்கும்போது காகிதச் சுருளில் எழுதுமுனைகள் கிறுக்குவதை இரவெல்லாம் கவனித்தார். பையன் அயர்ந்து உறங்கிக்கொண்டிருக்க, எழுதுமுனைகளோ விழித்திருப்பவனின் கண்ணசைவைப் போல விரைந்து துள்ளின. கருவிதான் பழுதாகிவிட்டது என்று முதலில் ஐயுற்ற அவர், மீண்டும் மீண்டும் சோதித்த பிறகே, மூடிய இமைகளுக்குள் கண்கள் உண்மையாகவே அலைகின்றன என்பதை உணர்ந்தார். 1953இல் அவரும் கிளைட்மனும் வெளியிட்ட இந்நிலை, விரைவுக் கண்ணசைவு உறக்கம் எனப்படுகிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. 1957இல் கிளைட்மனும் வில்லியம் டிமெண்டும், இந்நிலை ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதை எடுத்துக்காட்டினர். லேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், மீண்டும் லேசான உறக்கம், பின்னர் கனவு உறக்கம் என்று செல்லும் இந்த வரிசையே உறக்கச் சுற்று ஆகும். ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழுப்பப்படுபவருக்குத் தலை கனத்து, சிறிது நேரம் சொன்னது விளங்காத கிறக்கம் உண்டாவதால், அந்த இடத்தைத் தவிர்த்து எழுப்பலாமே என்ற எண்ணம் பிறந்தது.

மூளையலையை அளக்கும் கம்பிகளை வீட்டில் யாரும் மாட்டிக்கொண்டு படுக்க முடியாது. எனவே, மணிக்கட்டில் கட்டிய கருவி காட்டும் அசைவைக்கொண்டே உறக்கத்தையும் விழிப்பையும் பிரித்தறியும் முறைகளை ஆய்வாளர்கள் வகுத்தனர். அசைவறியும் சில்லு கைபேசிக்குள் வந்து சேர்ந்ததும் அதே வழி கைபேசிக்கும் திறந்தது. 2009இல் சுவீடனில் மாசியெக் டிரெயாக் உருவாக்கிய ‘ஸ்லீப் சைக்கிள்’ இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட முன்னோடிச் செயலியாகும். ஐந்தரை மணிக்கு எழ வேண்டும் என்று ஒருவர் குறித்துவைத்தால், ஐந்து மணி முதலே செயலி காத்திருந்து, படுக்கையில் அசைவு தெரியும் நேரத்தில் அலாரத்தை ஒலிக்கச் செய்கிறது. பின்னாளில் அசைவுக்குப் பதிலாக மூச்சொலியையும் புரளும் ஒலியையும் ஒலிவாங்கியால் கேட்டு அறியும் முறையும் வந்தது.

ஆனால் இங்கே ஓர் அடிப்படைக் குறை உண்டு. கனவு உறக்கத்தின்போது உடலின் தசைகள் ஏறக்குறைய முற்றிலும் தளர்ந்துவிடுவதால், ஆழ்ந்த உறக்கத்தைப் போலவே அப்போதும் உடல் அசையாமல் கிடக்கிறது. மூளையில் இவ்விரண்டும் நேரெதிரான நிலைகள் என்றாலும், அசைவை மட்டும் பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் சிக்கல் இன்னும் கூடுகிறது. மெத்தை கடத்தும் அதிர்வைத் தரை கடத்துவதில்லை. ஒரே அறையில் நால்வர் படுத்திருந்தால் எவருடைய மூச்சு, எவருடைய புரளல் என்று கைபேசிக்குத் தெரிய வழியில்லை. மேலும், 90 நிமிடம் என்பது சராசரிதான். ஆளுக்கு ஆள் மட்டுமன்றி, ஒருவருக்கே ஓர் இரவின் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் அளவு மாறும் என்பதால், படுத்த நேரத்தோடு ஒன்றரை மணிகளாகக் கூட்டி எழும் நேரத்தைக் குறிக்கும் கணக்கை நம்புவதற்கில்லை.

கேள்வி: கடிகாரம் இல்லாத காலத்தில் தமிழர் இரவை எவ்வாறு அளந்தனர்?

பதில்: நீர் சிறுகச் சிறுகக் கசியும் நாழிகை வட்டிலைக்கொண்டு அளந்தனர். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். ஏழரை நாழிகை கொண்டது ஒரு சாமம் என்று பிற்காலத்தில் கொண்டமையால், அரைச் சாமம் என்பது மிகச் சரியாக 90 நிமிடமாகிறது. இது தற்செயலான ஒற்றுமையே அன்றி, முன்னோர் உறக்கச் சுற்றை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று ஆகாது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் பொழுதை அளந்து அறிவிக்கின்றனர். அந்த அரசனோ போரில் புண்பட்ட யானைகளையும் மடிந்த வீரர்களையும் நினைந்து உறக்கமின்றிக் கிடக்கிறான். இரவை நுட்பமாக அளக்கும் ஏற்பாடு அருகிலேயே இருந்தும் உறக்கம் வராத நிலையை அப்பாட்டின் ஆசிரியர் நப்பூதனார் அன்றே காட்டிவிட்டார்.

கேள்வி: இத்தனை குறைகள் உள்ள உறக்கச் செயலியால் காலையில் புத்துணர்ச்சி கிடைக்குமா?

பதில்: போதிய நேரம் உறங்கியவருக்கு ஓரளவு உதவக்கூடும். ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முற்பகுதியிலேயே முடிந்து, விடியலை ஒட்டி லேசான உறக்கமும் கனவு உறக்கமுமே மிஞ்சுவதால், அத்தகையவர் செயலி இல்லாமலும் பெரும்பாலும் இலகுவாகவே எழுவார். உறக்கம் குறைந்தவருக்கு எழும் நிமிடத்தை மாற்றுவதால் குறை தீராது.

உறக்கக் குறையைப் பற்றிய ஒரு சான்று சென்னையிலேயே உள்ளது. குறைந்த வருவாயுள்ள 452 பேருக்குக் கணினியில் தரவு பதியும் வேலை தந்து, மணிக்கட்டுக் கருவியால் அவர்களின் உறக்கத்தை அளந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளியலாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் படுக்கையில் கழித்தது ஏறத்தாழ 8 மணி நேரம் என்றாலும் உறங்கியது 5½ மணி நேரமே எனத் தெரியவந்தது. வெக்கை, கொசு, தெருவின் இரைச்சல் ஆகியவை உறக்கத்தைத் துண்டு துண்டாக்கின. அறிவுரையும் கண்மூடி, காதடைப்பான் போன்ற பொருள்களும் ஊக்கத்தொகையும் தந்ததில் இரவு உறக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத் திறனிலோ மனநலத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. அலுவலகத்தில் அமைதியான இடத்தில் பிற்பகலில் அரை மணி நேரம் உறங்க விடப்பட்டவர்களிடமோ கவனமும் திறனும் மனநிறைவும் உயர்ந்தன. கூடுதல் நிமிடங்களைவிட உறங்கும் இடத்தின் அமைதி முதன்மையானது என்று இதிலிருந்து கருதத் தோன்றுகிறது. தொழிற்கூடங்களும் அலுவலகங்களும் இதைக் கருத்தில் கொள்வது மிகவும் தேவை.

போதிய நேரம் உறங்கியும் பகலில் கண் சொக்குபவர், உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத்திணறலும் உடையவராயின், அது மூச்சுப்பாதை அடைபடும் உறக்க நோயாக இருக்கலாம். அதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ நாடி, மூளையலையையும் மூச்சையும் குருதியின் உயிர்வளி அளவையும் ஒருசேரப் பதியும் இரவுச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்; அச்சோதனையின் இடத்தைக் கைபேசி நிரப்பாது.