தாளைத் தடவிப் பார்த்த பிறகு நிறம்

முள்ளியவளை,
தை மாதம்

அன்பு மகளுக்கு,

வவுனியாவிலிருந்து நீ அனுப்பிய படமும், கூடவே வந்த ஒன்றரைப் பக்கக் கோபமும் பெரியம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தன. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை வரையத் தொடங்கியிருக்கிறாய். எண்ணெய்ப் பஸ்ரல் பூசிய வானத்தில் கலர் பென்சில் பிடிக்கவில்லை. அணைக்கட்டில் நீர்வர்ணம் பட்ட இடமெல்லாம் தாள் நெளிந்துவிட்டது. அதை அழிக்கப் போன இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. கடைசியில், "நல்ல வெளிநாட்டுப் பெட்டி ஒன்று இருந்திருந்தால் இப்படி வந்திராது" என்று எழுதி முடித்திருக்கிறாய்.

பெட்டி வாங்கலாம், பிள்ளை. அதற்கு முன் இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசி. உன் படத்தைக் கெடுத்தது தாள்தான். பென்சிலின் மேல் பிழை இல்லை.

கலர் பென்சிலுக்குள் இருப்பவை மூன்று பொருட்கள்: நிறப்பொடி, அதைக் கட்டிப் பிடிக்கும் மெழுகு அல்லது எண்ணெய், வெண்களிமண் போன்ற ஒரு நிரப்புத் தூள். நீர்வர்ணம் தாளுக்குள் ஊறும். பென்சிலின் நிறம் ஊறாது. தாளின் சொரசொரப்பில் உராய்ந்து, அதன் மேடுகளில் முதலிலும் பள்ளங்களில் பிறகுமாகத் தங்கும். பள்ளங்கள் நிரம்பும்வரைதான் தாள் நிறம் வாங்கும். நிரம்பிய பிறகு எந்த நாட்டுப் பென்சிலைக் கொண்டு தேய்த்தாலும் வழுக்கும். ஜெர்மனியின் ஃபேபர்-காசல் நிறுவனம் 1908இல் கொண்டுவந்த பொலிகுரோமோஸ் பென்சில்களை உலகெங்கும் ஓவியர்கள் இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். எண்ணெய் கலந்து செய்த அந்தப் பென்சிலும் உன் பஸ்ரல் வானத்தில் தோற்றுத்தான் போயிருக்கும். பஸ்ரலின் கொழுப்பு அந்தப் பள்ளங்களை எல்லாம் முன்னரே அடைத்துவிட்டதே.

இந்தப் பள்ளங்கள் தாளுக்குத் தாள் மாறும். போட்டோக்கொப்பி எடுக்கும் கடைகளில் கிடைக்கும் ஏ4 தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம். இரண்டு மூன்று பூச்சிலேயே அது நிறைந்துவிடும், தண்ணீர் பட்டால் இழைகள் ஒரே சீராக ஊதாமல் நெளியும். பிறிஸ்டல் போட் தடிப்பானது, வழவழப்பானது. நுண்ணிய கோடுகளுக்கு அதைவிட நல்ல தாள் கிடைப்பது அரிது, ஆனால் பத்துப் பூச்சுக் கேட்டால் தாங்காது. நீர்வர்ணத்துக்கென்றே செய்யப்படும் தாள் 300 கிராம். சொரசொரப்பு மிகுந்தது, பூச்சுக்கு மேல் பூச்சு வாங்கும். அதன் பள்ளங்களில் வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும். சிலருக்கு அது எரிச்சல். வைகாசி வெயிலில் கானல் பறக்கும் வெளியை வரைபவருக்கு அந்தப் புள்ளிகள் வரம்.

எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்பதையும் தாளே தீர்மானிக்கிறது. நீர் முதலில். அது முற்றாகக் காய வேண்டும். அதன் மேல் பென்சில், மென்மையாக, பல பூச்சுகளாக. பஸ்ரல் எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையை அறிந்தே மாற்றுகிறவர்களும் உண்டு. மெழுகுதிரியால் கோடு கீறிவிட்டு மேலே நீர்வர்ணம் ஓட்டினால் மெழுகு பட்ட இடம் நனையாமல் வெள்ளையாக நிற்கும், மாரி மழையின் சாரலை அப்படிக் கொண்டுவரலாம். சுவிற்சர்லாந்தின் காரன் டாஷ் நிறுவனம் 1931இல் பிறிஸ்மாலோ என்ற பெயரில் தண்ணீரில் கரையும் கலர் பென்சிலை வெளியிட்டபோது, பென்சிலுக்கும் தூரிகைக்கும் இடையில் இருந்த வேலி பாதி விழுந்தது. அந்த வகைப் பென்சிலுக்குக் கூடத் தண்ணீர் தாங்கும் தாள் வேண்டும்.

இதெல்லாம் எங்கோ தூரத்து வித்தை என்று நினைக்காதே. எங்களுடைய மண்ணில் மேற்பரப்பைப் பழக்கும் வேலை பென்சிலுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பனையோலையை எண்ணிப் பார். ஓலையைப் பதப்படுத்தி, உலர்த்தி, எழுத்தாணியால் கீறினார்கள். கீறியவுடன் எழுத்துக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியை எண்ணெயிலோ இலைச் சாற்றிலோ குழைத்து மேலே தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கருமை தங்கும். அதற்கு மையாடல் என்று பெயரே இருந்தது. இப்போது அதையே தலைகீழாகச் செய்து பார். மை தீர்ந்த பேனையால் பிறிஸ்டல் போட்டில் அழுத்திக் கோடு கீறு. மேலே பச்சைப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய். பென்சில் பள்ளத்துக்குள் இறங்காது. இலையின் நரம்பு வெள்ளைக் கோடாக எழுந்து வரும். கலர் பென்சில் ஓவியர்கள் பெருமையோடு கற்பிக்கும் நுட்பம் இது. ஓலைச்சுவடியைப் பார்த்த கண்ணுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

தாள் இல்லாத காலமும் இங்கே இருந்தது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தன. அவற்றை வாங்கி வாசித்த தலைமுறை, ஒரு தாள் இன்ன வேலைக்குத்தான் என்ற எண்ணத்தை அன்றே விட்டுவிட்டது.

பிறகு 2009, போரின் முடிவு. இலட்சக்கணக்கான சனம் வவுனியா, செட்டிகுளம் பக்கத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்த மாதங்கள். பெரியம்மா இருந்த கூடாரத்தைச் சுற்றியிருந்த சிறுவர்களுக்கு வரைய ஒன்றும் இல்லை. நிவாரணச் சாமான் வந்த மட்டைப் பெட்டிகளைப் பிரித்து, உட்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கையில் இருந்தவை முறிந்த பென்சில் துண்டுகள், அதிலும் யாரும் தொடாமல் கிடந்தது வெள்ளை. மண்ணிற மட்டையில் அந்த வெள்ளைதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. ஒரு சிறுமி தன் வீட்டு முற்றத்துக் கொடியில் காய்ந்த வேட்டியை வரைந்தாள். வெள்ளைப் பென்சில் எதற்கு என்று பெட்டிக்குள் விட்டுவைக்கும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் பெரியம்மாவுக்கு அந்த வேட்டி நினைவுக்கு வரும். கொப்பிக்கு உறை போடும் பிறவுண் பேப்பரில் இன்றே செய்து பார். தாளின் நிறம் நடுநிறமாக நிற்கும். நிழலுக்குக் கபிலமும் கருநீலமும், ஒளிக்கு வெள்ளை. மூன்று பென்சிலில் ஒரு பானை உருண்டு எழும்பும்.

வீட்டை இழந்தவர்கள் வரைந்த கோடுகளிலிருந்து ஒரு பெரிய கலைப்படைப்பே பிறந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களிடம் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அறை எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று அவர்கள் தங்கள் கையாலேயே கீறினார்கள். அந்தக் கோடுகளைக் கட்டடக்கலைஞர் ஒருவர் முறையான வரைபடமாக்கினார். அதே கதைக்குச் சனாதனன் உலர் பஸ்ரலில் ஓர் ஓவியம் தீட்டினார். இப்படி 80 பேரின் வீடுகள் சேர்ந்த நூல் 2011இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. முற்றுப்பெறாத தோம்பு என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. நடுங்கும் கைக்கோடு, அடிமட்டம் வைத்த கோடு, விரலால் தேய்த்த பஸ்ரல் என்று மூன்றும் ஒரே வீட்டை மூன்று விதமாகச் சொல்கின்றன. பல ஊடகங்களைச் சேர்ப்பது எதற்காக என்று யாராவது கேட்டால் பெரியம்மா காட்டுவது அந்த நூலைத்தான். ஓர் ஊடகத்தால் சொல்ல முடியாததை மற்றது சொல்ல வேண்டும். அழகுக்கு மட்டும் நான்கு பொருளை ஒன்றாகப் பூசினால் அது குழப்பமாகவே முடியும்.

ஒன்றோடு மட்டும் நின்றும் ஆழம் போகலாம். சிறுவயதில் இடம்பெயர்ந்து வவுனியாவில் வளர்ந்த ஜஸ்மின் நிலானி ஜோசப், பேனை மையால் தாளில் வேலிகளையும் கைவிடப்பட்ட வீடுகளையும் வரைகிறார். கிடுகும் தகரமும் முட்கம்பியும் அவர் கோட்டில் வேறுவேறாகத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்ற ஹேமா ஷிரோனி, துணியில் நூலால் தைத்துப் படைக்கிறார். அவருக்கு ஊசி பென்சில், துணி தாள்.

கையில் கிடைத்த எளிய பொருளையே தேர்ந்தெடுத்தவர்கள் வெளியிலும் உண்டு. வங்காளத்தின் ஜாமினி ராய் (1887–1972) ஐரோப்பிய முறையில் தேர்ந்த ஓவியர். எண்ணெய் வர்ணமும் கன்வஸும் அவருக்கு எட்டாத பொருட்களல்ல. அவற்றை விட்டுவிட்டு, விளக்குக் கரி, அவுரி நீலம், சுண்ணப் பொடி, ஆற்று வண்டல் ஆகியவற்றைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துத் துணியிலும் பாயிலும் பலகையிலும் தீட்டினார். சுவிற்சர்லாந்தில் பிறந்த பவுல் கிளே 1938இல் தீட்டிய தன் மிகப் பெரிய ஓவியங்களில் ஒன்றுக்குச் சாக்குத் துணியில் பத்திரிகைத் தாளை ஒட்டித்தான் தளம் அமைத்தார். சாக்கும் புளியங்கொட்டையும் கிளிநொச்சிச் சந்தையில் இன்றைக்கும் கிடைக்கும்.

இனி வேலை.

ஒரு நாள் ஒதுக்கி உள்ளங்கை அளவுத் துண்டுகள் ஏழு வெட்டு: ஏ4 தாள், பிறவுண் பேப்பர், பெட்டி மட்டை, பிறிஸ்டல் போட், நீர்வர்ணத் தாள், கஞ்சி போட்டுப் பலகையில் இழுத்துக் கட்டிய பழைய வேட்டித் துணி, தச்சரிடம் கேட்டு வாங்கிய ஹாட்போட் துண்டு. ஹாட்போட்டுக்கு வெள்ளைப் பிறைமர் பூசிக் காயவிட்டு, சாண்ட் பேப்பரால் மெல்லத் தேய். அதன் சொரசொரப்பு நிறத்தை நிறைய வாங்கும், பென்சிலையும் விரைவாகத் தின்னும். ஏழிலும் ஒரே பொருளை வரை. பூவரசம் இலை ஒன்று போதும். உன் பள்ளிக்கூட அட்லஸ் பென்சிலே போதும். ஒவ்வொன்றின் பின்புறமும் திகதி, என்ன பரப்பு, எந்தப் பென்சில், எது முதலில், எத்தனை பூச்சில் வழுக்கத் தொடங்கியது என்று எழுதி, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் ஒட்டு. எழுதாத சோதனை அடுத்த கிழமையே மறந்துபோகும்.

அடுத்த நாள் உப்பு. ஆனையிறவு உப்பளத்தை அறிந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. நீர்வர்ணம் ஈரமாகப் பளபளக்கும்போது கல்லுப்பைத் தூவினால் ஒவ்வொரு பரலும் தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்து ஒரு வெளிர்ப் பூவை விட்டுச் செல்லும். காய்ந்ததும் உப்பைச் சுத்தமாகத் தட்டிவிடு. தாளில் மிஞ்சினால் மாரிகாலத்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பூக்களின் மேல் பென்சிலால் வேலை செய்தால் கடற்கரை மணலும் பாசி பிடித்த சுவரும் வரும்.

அழுத்தித் தேய்த்து மினுக்கும் ஆசையைக் கடைசிவரை தள்ளிப்போடு. மினுக்கிய இடம் பிறகு நிறம் வாங்காது. மெழுகுப் பென்சிலால் அடர்த்தியாகப் பூசிய கருநிறங்களில் சில நாளில் வெண்படலம் படிந்தால் பயப்படாதே. மேலெழுந்த மெழுகு அது, மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் வரையும்போது மெழுகு இளகி நிறங்கள் தாமாகக் கலப்பதையும் கவனி. காலையில் போட்ட அதே நிறம் அப்போது வேறு மாதிரி இறங்கும்.

மூன்றாவது சோதனைக்குப் பொறுமை வேண்டும். உன் பெட்டியிலுள்ள எல்லா நிறத்தையும் ஒரு தாளில் பட்டைகளாகப் பூசி, பாதியைத் தடித்த மட்டையால் மூடி, வெயில் விழும் யன்னலில் மூன்று மாதம் வைத்துவிடு. ஏஎஸ்டிஎம் டி 6901 என்ற அமெரிக்கத் தரம் கலர் பென்சில்களின் ஒளி தாங்கும் திறனுக்கென்றே இருக்கிறது. மலிவான பெட்டிகளில் அந்த விவரம் அச்சாகியிருக்காது, ஆகவே நீயே அறிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் முதலில் வெளிறும். வெளிறாத நிறங்களை மட்டும் சுவரில் தொங்கப்போகும் படத்துக்கு வை. பத்திரிகைத் தாளும் மலிவு மட்டையும் தாமே பழுப்பேறும். அவற்றில் பழகு, காலத்துக்கும் வைக்க நினைப்பதை நல்ல தாளில் செய். கஞ்சித் துணிக்குப் பூச்சி வரும், நிலத்தோடு வைத்தால் கறையான் வரும். படங்களை மேலே, காற்றோட்டமாக வை. எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் வரைந்த எவருடைய படமும் மிஞ்சவில்லை. உன்னுடையது மிஞ்ச வேண்டும்.

இரணைமடுப் படத்தைக் கிழித்துவிடாதே. அதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி, என்ன நடந்தது என்று கீழே எழுது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது கொப்பியையும் யன்னலில் வைத்த பட்டையையும் மறக்காமல் கொண்டு வா. ஏழு இலைகளையும் திண்ணையில் பரப்பிப் பார்த்துவிட்டு, எந்தப் பெட்டி வாங்குவது என்று அன்றைக்கு முடிவு செய்வோம்.

அன்புடன்,
பெரியம்மா