உளவியல் சிகிச்சை: ஆற்றுவதும் கீறுவதும்

அன்பு மகளுக்கு,

உளவியல் சிகிச்சை தன்னை நாடி வருவோரில் பெரும்பாலோருக்கு நன்மை செய்கிறது. ஒரு சிறு பகுதியினருக்குத் தீங்கு செய்கிறது. இரண்டுக்குமே உறுதியான சான்றுகள் உண்டு. இந்தத் தொழிலுக்குப் படிக்கத் தொடங்குபவர் முதல் ஆண்டிலேயே இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. நன்மையை மட்டும் கற்றவர் தன் முன்னால் அமர்ந்திருப்பவர் மோசமாகிக்கொண்டிருப்பதைக் கவனிக்கத் தவறுவார். தீங்கை மட்டும் கேள்விப்பட்டவர், உதவி கிடைத்திருக்கக்கூடிய ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

சிகிச்சை பலன் தருகிறதா என்ற விவாதத்துக்கு அடிக்கல் நாட்டியவர் லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க். பதற்றம், மனச்சோர்வு போன்ற கோளாறு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முறையான உளவியல் சிகிச்சை இல்லாமலே இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள் என்றும், சிகிச்சை பெற்றவர்கள் அதைவிட அதிகமாகத் தேறியதற்குச் சான்று இல்லை என்றும் 1952இல் அவர் எழுதினார். அவர் ஒப்பிட்ட குழுக்கள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. அந்தக் கணக்கு நிற்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது. சிகிச்சை இல்லாதிருந்தால் இந்த மனிதருக்கு என்ன ஆகியிருக்கும்? துன்பம் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் உதவி தேடி வருகிறார்கள். உச்சத்துக்குப் பின் இறக்கம் தானாகவும் வரலாம். அந்த இறக்கத்தையெல்லாம் சிகிச்சையின் பலனாகக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

கேள்விக்கு முதல் பெரிய பதில் 1977இல் அமெரிக்காவில் வந்தது. மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் இருவரும் 375 ஆய்வுகளைத் திரட்டி ஒரே கணக்கில் சேர்த்தார்கள். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் நான்கில் மூன்று பங்கினரைவிட நல்ல நிலையில் இருந்தார். பலன் கிடைக்காத ஆய்வுகள் பல அச்சேறாமல் போவதால் இத்தகைய கணக்குகள் சற்று மிகையானவை என்பது பிறகு தெரிந்தது. கழித்துப் பார்த்தாலும் பலன் மிஞ்சுகிறது. குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு நடுங்குபவரை அதன் அருகே படிப்படியாகக் கொண்டுசெல்லும் முறையிலும், எண்ணச் சுழற்சி நோய்க்கான நடத்தைச் சிகிச்சையிலும் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

இந்தச் சான்றுகளில் நம் பக்கத்து மண்ணிலிருந்து வந்தவை குறிப்பிடத்தக்கவை. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், மனச்சோர்வுடன் இருந்த 903 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களுக்கே எளிய பயிற்சி தரப்பட்டது. குழந்தை பிறந்து 6 மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் சந்தித்துவந்த தாய்மாரில் 23 சதவீதத்தினரிடமே மனச்சோர்வு நீடித்தது. மற்ற தாய்மாரிடம் அது 53 சதவீதம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. உளவியல் பட்டமில்லாத உள்ளூர்க்காரர்கள் 6 முதல் 8 அமர்வுகள் பேசினார்கள். கடும் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். பட்டம் இங்கே பலனைத் தீர்மானிக்கவில்லை. தெளிவான முறையும், அதை விட்டு விலகாமல் கண்காணித்த மேற்பார்வையுமே பலன் தந்தன.

இனி தீங்கு. இதில் எல்லாரும் அறிய வேண்டிய கதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு ஊர்களில் தடம் மாறிப்போகும் அபாயமுள்ள சிறுவர்களுக்கு உதவ ரிச்சர்ட் கிளார்க் காபட் என்ற மருத்துவர் ஒரு திட்டம் வகுத்தார். வயதும் குடும்பச் சூழலும் ஒத்த சிறுவர்களை இருவர் இருவராக இணைத்து, நாணயம் சுண்டி ஒருவரைத் திட்டத்தில் சேர்த்தார்கள். மற்றவர் தம் வழியே விடப்பட்டார். மொத்தம் 506 சிறுவர்கள். 1939 முதல் 1945 வரை ஆலோசகர்கள் மாதம் இருமுறை அளவில் வீடு தேடிச் சென்றார்கள். பாடம் சொல்லித் தந்தார்கள், மருத்துவம் பார்க்க வைத்தார்கள், கோடை முகாம்களுக்கு அனுப்பினார்கள். அன்போடு செய்யப்பட்ட வேலை அது.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மக்கார்டு என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அத்திட்டம் தங்களுக்கு நன்மை செய்ததாகவே சொன்னார்கள். ஆவணங்கள் வேறு சொல்லின. மீண்டும் குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், கடும் மனநோய்க்கு ஆளானவர்கள், இளவயதில் இறந்தவர்கள் உதவி பெற்ற குழுவிலேயே அதிகம். 1978இல் வெளிவந்த இந்த முடிவைப் பலரால் ஏற்க முடியவில்லை. ஒரே வகைச் சிக்கல் உள்ள பையன்களை முகாம்களில் ஒன்றாகக் கூட்டியது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தீய பழக்கம் தொற்ற வழிசெய்திருக்கலாம் என்று மக்கார்டு பின்னாளில் விளக்கினார். காரணம் எதுவானாலும், ஆலோசகரின் நல்லெண்ணமும் உதவி பெற்றவரின் நன்றியும் சிகிச்சை பலித்ததற்குச் சான்றாகா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறில்லை. நாணயம் சுண்டிப் பிரித்த மறுபாதி இல்லாதிருந்தால், அத்திட்டம் இன்றும் வெற்றிக்கு உதாரணமாகப் பாடப்புத்தகத்தில் இருந்திருக்கும்.

அடுத்தது பேரிடருக்குப் பின் செய்யப்படும் உடனடி ஆலோசனை. அதிர்ச்சிக்கு ஆளானவரை ஒருசில நாட்களுக்குள் உட்கார வைத்து, நடந்ததை விலாவாரியாகச் சொல்ல வைத்தால் மனவடு தங்காது என்ற நம்பிக்கையில் 1980களில் ‘டீபிரீஃபிங்’ என்ற முறை பரவியது. கேட்பவருக்கு நியாயமாகவே படும் கருத்து. வேல்ஸின் கார்டிஃப் நகரில் தீக்காயம் பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், 13 மாதங்களுக்குப் பின் இப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு மனவடு நோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். முதல் குழுவினரின் காயம் சற்றுக் கடுமையானது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்றாண்டு தொடர்ந்த இன்னொரு ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. தொடக்கத்தில் அதிகம் கலங்கியிருந்து பேசவைக்கப்பட்டவர்களின் கலக்கம் மூன்றாண்டுக்குப் பிறகும் தணியவில்லை. அதே அளவு கலங்கி, பேசவைக்கப்படாதவர்கள் தேறியிருந்தார்கள். ஆறத் தொடங்கிய புண்ணின் பொருக்கைப் பிய்ப்பது போன்றது அது. உலக சுகாதார அமைப்பு இன்று பரிந்துரைப்பது உளவியல் முதலுதவியை: பாதுகாப்பு, உணவு, உறவினரோடு சேர்த்துவைத்தல், பேச விரும்பினால் கேட்டல்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரைக்கு ஆலோசனை சொல்ல வெளியிலிருந்து பலர் வந்து இறங்கினார்கள். மொழியோ துக்கம் காக்கும் வழக்கமோ தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், இத்தகைய இழப்பு தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று தொடர்ந்து எழுதியவர். உடல் கிடைக்காத பிள்ளைக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்வதா வேண்டாமா என்று தவிக்கும் தாய்க்கு ஒரு மணி நேர உளவளத்துணை மட்டும் போதாது. அங்கே சடங்கும் உறவும் ஊரும் சிகிச்சையின் பகுதிகள்.

வேறு சில தீங்குகள் வெளிப்படையானவை. 1980, 90களில் அமெரிக்காவில், மறந்துபோன பால்ய வன்கொடுமையை மீட்டெடுப்பதாகச் சொல்லி, நடக்காதவற்றை நினைவாக விதைத்த சிகிச்சைகள் பல குடும்பங்களை உடைத்தன. ‘மறுபிறப்பு’ என்ற பெயரில் போர்வைக்குள் சுற்றி அழுத்தப்பட்ட பத்து வயதுச் சிறுமி 2000இல் கொலராடோவில் மூச்சுத்திணறி இறந்தாள். தன்பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை நம் ஊரிலும் நடந்துவந்தது. அதற்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். தன் புரிதலின் குறையை உணர்ந்து, தீர்ப்புக்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். ஒரே துறை, ஒரு கையால் தீங்கையும் மறு கையால் தெளிவையும் தந்த வழக்கு அது.

இவை செய்திகளில் வந்தவை. சாதாரண அறையில், நல்ல ஆலோசகரிடமே நேரும் தீங்கு சத்தமில்லாதது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சிகிச்சை பெற்றவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ இருபதில் ஒருவர் நீடித்த கெட்ட விளைவு ஏற்பட்டதாகச் சொன்னார். ஆலோசகருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களிடம் வரும் 550 பேரில் யார் மோசமாவார்கள் என்று ஆலோசகர்களைக் கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் சுட்டியது 3 பேரை. மோசமானது 40 பேர். ஒவ்வொரு அமர்விலும் ஒரு சிறு வினாத்தாளை நிரப்பச் சொல்லி, நிலை மோசமானால் ஆலோசகரை எச்சரிக்கும் முறையை மைக்கேல் லாம்பர்ட் என்ற ஆய்வாளர் உருவாக்கினார். அதில் செலவழியும் ஐந்து நிமிடத்தை வீண் என்று நினைக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் மூத்தவர்களைப் பின்பற்றத் தேவையில்லை.

சிகிச்சைக்கு வருபவருக்கு முதல் சந்திப்பிலேயே சில விவரங்கள் தெரிய வேண்டும்: நோக்கம் என்ன, என்ன முறை, சுமார் எத்தனை அமர்வு, பலன் எப்படி அளக்கப்படும், இல்லையென்றால் அடுத்து என்ன. பயத்துக்கான சிகிச்சையில் முதல் சில வாரம் கலக்கம் கூடுவது இயல்பு. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆறேழு அமர்வுக்குப் பிறகும் அசைவில்லையென்றால் முறையையோ ஆளையோ மாற்றுவது சரி. பெற்றோரையோ துணையையோ ஒதுக்கச் சொல்லி ஆலோசகரே வற்புறுத்துவது, அறைக்குள் மட்டும் முளைக்கும் புதிய நினைவுகள், அறைக்கு வெளியே தொடரும் நெருக்கம், எந்த முடிவையும் ஆலோசகரைக் கேட்காமல் எடுக்க முடியாத நிலை, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் நிறுத்திக்கொள்ளலாம். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (RCI) பதிவு செய்திருக்க வேண்டும். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டுவதற்கு நடைமுறையில் தடையேதும் இல்லை. பதிவு எண்ணைக் கேட்பதை எந்த நல்ல உளவியலாளரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, நாட்கணக்கில் தூக்கமில்லாத மிதமிஞ்சிய உற்சாகம் ஆகியவற்றுக்குப் பேச்சு மட்டும் போதாது. அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பதும், சிகிச்சைக்கு வந்தவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று மறுநாள் விசாரிப்பதும் ஆலோசகரின் வேலையே. இரவு நேரமென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

அன்புடன்,
பெரியப்பா