உங்க பூட்டன் பேர் தெரியுமா?

அப்பா பேர் சொல்லுங்க. தாத்தா பேர்? அதுவும் ஓகே. தாத்தாவோட அப்பா, அதாவது பூட்டன் பேர்? இங்கேயே பாதிப் பேர் வீட்டுக்கு போன் போடுவோம். சரி, அப்பத்தாவோட அம்மா பேர்? இப்போ போன்ல இருக்கிற அப்பாவும் யோசிக்க ஆரம்பிச்சிருப்பார்.

பழைய தலைமுறையைத் தேடுறதுல அயர்லாந்துக்காரங்க கில்லாடிகள். ஆனா அவங்களுக்கு ஒரு பெரிய இழப்பு உண்டு. 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாகின. அதனால 1901-க்கு முன்னாடி போக, 1847 முதல் 1864 வரை வெளியான நிலவரி மதிப்பீட்டுப் பதிவேட்டைப் பிடிக்கிறாங்க. எந்த நிலத்தில் யார் இருந்தார்னு அதில் இருக்கும்.

நம்ம நிலைமையும் ஏறக்குறைய அதேதான். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதிய விவரத்தை யாரும் பார்க்க முடியாது. ஆக, நமக்கும் முதல் வழி நிலம்தான்.

படி 1: வீட்டில் தொடங்குங்க. இருக்கிறதிலேயே வயசானவர்கிட்ட பேர், ஊர், குலதெய்வம் மூணையும் கேட்டு எழுதுங்க. குலதெய்வம் எதுக்குன்னா, மாசி சிவராத்திரிக்கு அந்தக் கோயிலில் உங்க பங்காளிகள் எல்லாரும் கூடுவாங்க. உங்க வீட்டில் மறந்துபோனது அவங்க வீட்டில் நினைவிருக்கும்.

படி 2: பட்டா. சர்வே எண் தெரிந்தால் ஆன்லைனிலேயே பார்க்கலாம். உரிமையாளர் பேரோட தகப்பனார் அல்லது கணவர் பேரும் இருக்கும். நம்ம பாஷையில் இது லிங்க்டு லிஸ்ட். ஒவ்வொரு நோடும் முந்தைய தலைமுறையைக் காட்டுது. இப்போதைய பட்டாக்களுக்கு அடிப்படை, 1979-ல் தொடங்கிய யுடிஆர் திட்டம். அதுக்கு முந்தைய பேர் வேணும்னா தாலுகா அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டின் நகல் கேட்டு மனு போடணும்.

படி 3: வில்லங்கச் சான்று. அதில் வரும் பத்திர எண்ணை வெச்சு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகல் வாங்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைச்சா ஜாக்பாட். சொத்து யார் வழியா வந்தது, அண்ணன் தம்பி எத்தனை பேர், எல்லாமே எழுதியிருக்கும்.

இதில் ரெண்டு பக் வரும். ஒண்ணு, பேர். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நம்ம வழக்கம். கருப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் கருப்பையான்னு ஓடும். ரெண்டு கருப்பையாவை ஒரே ஆள்னு நினைச்சா ஒரு தலைமுறையே காணாமப் போயிடும். வருஷத்தையும் வயசையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டாவது, மாவட்டம். 1985 வரை திண்டுக்கல்லும், 1996 வரை தேனியும் மதுரை மாவட்டம்தான். பழைய பத்திரத்தில் மதுரை ஜில்லான்னு இருந்தா, மேலூர், உசிலம்பட்டி பக்கம் மட்டும் தேடி நிக்காதீங்க.

நிலமே இல்லாத குடும்பம்னா? பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்குப் பதிவேடு இருக்கு. கடல் தாண்டிப் போனவர்களுக்குக் கப்பல் பதிவேடு. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கூலிகளாகப் போன 1,52,184 பேருடைய விவரம் அப்படி எழுதி வைக்கப்பட்டது. பேர், தகப்பன் பேர், வயசு, ஜில்லா, தாலுகா, கிராமம்னு வரிசையா இருக்கும். அதை வெச்சுத்தான் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இன்னைக்கும் பூர்வீக ஊரைத் தேடி வர்றாங்க. அதில் பெண்களுக்கும் தனி எண், தனி வரி.

நம்ம நிலப் பதிவேட்டில் அந்த வரி கிடையாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்குன்னு தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல்தான். அதிலும் அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லை. நாடு முழுக்க வந்தது 2005-ல். அதனால பழைய பாகப்பிரிவினையில் மகன்கள் பேர் மட்டுமே பெரும்பாலும் இருக்கும்.

எங்க வீட்டுக் கதையும் இதுதான். அப்பா வழியில் நாலு தலைமுறை ஆண்கள் பேரை மூணு வாரத்தில் எடுத்துட்டேன். அப்பத்தாவோட அம்மா பேர் மட்டும் எங்கேயும் இல்லை. கடைசியில் கிடைச்சது 1962-ல் எழுதிய ஒரு விடுதலைப் பத்திரத்தில். எனக்குப் பங்கு வேண்டாம்னு அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. கீழே ஒரு பெருவிரல் ரேகை, பக்கத்தில் அவங்க பேர். தனக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுத்த அன்னைக்குத்தான் அவங்க பேரை யாரோ எழுதியிருக்காங்க.

அதனால ஒரு வேண்டுகோள். பட்டா எங்கேயும் ஓடிடாது, அடுத்த மாசம்கூடப் பார்க்கலாம். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனா, அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க அம்மா பேர் என்ன அப்பத்தா? அவங்க அம்மா பேர்?" அப்படின்னு கேளுங்க. கேட்டதும் நோட்டில் எழுதிடுங்க. அந்தப் பேர் இருக்கிற ஒரே பதிவேடு அவங்களாத்தான் இருக்கும்.