வீட்டுக் கணினி வலையமைப்பும் யூ.எஸ்.பி. கம்பியில்லா இசைவாக்கியும்

க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
பாடம்: கணினி வலையமைப்பு



இப்பாடத்தை ஒரு சிறு சம்பவத்துடன் தொடங்குவோம். என்னிடம் படித்த மாணவி ஒருவரின் வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்றும், தொலைபேசி இணைப்புடன் வந்த ரவுட்டர் ஒன்றும் இருந்தன. ரவுட்டர் முன் விறாந்தையில். கணினி பின் அறையில். தமையனின் கைத்தொலைபேசியில் இணையம் வேலை செய்தது, கணினியில் இல்லை. "ஒரு டொங்கிள் வாங்கிப் பூட்டினால் சரி" என்று யாரோ சொல்ல, தகப்பனார் பட்டணத்திற்குச் சைக்கிளிற் போய் டொங்கிள் ஒன்று கேட்டு வாங்கி வந்தார். வீட்டிற்கு வந்து பார்த்தால் அதற்குள் சிம் அட்டை போடும் இடம் இருந்தது. ஏற்கனவே கட்டும் இணையக் கட்டணத்துடன் இன்னொரு கட்டணமும் சேரும் நிலை வந்தது.

கடைக்காரரில் பிழை இல்லை. கேட்ட பொருளையே கொடுத்தார். பிழை பெயரில் இருந்தது. எனவே முதலில் அந்தப் பெயரைத் தெளிவாக்குவோம்.

1. ஒரே பெயர், இரண்டு கருவிகள்

எமது பேச்சு வழக்கில் "டொங்கிள்" என்று சொல்லப்படும் கருவிகள் இரண்டு உள. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் யூ.எஸ்.பி. துறையிலேயே பூட்டப்படும்.

(அ) கைத்தொலைபேசி வலையமைப்பு மொடெம்
இதற்குச் சிம் அட்டை வேண்டும். இது தொலைபேசிக் கொம்பனியின் கோபுரத்துடன் நேரே தொடர்பு கொள்ளும். இணைய வசதியைத் தானே பெற்றுத்தரும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இலங்கையில் 2006 ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கிய பின்னர் இக்கருவிகள் பரவலாயின.

(ஆ) கம்பியில்லா வலையமைப்பு இசைவாக்கி
இதற்குச் சிம் அட்டை இல்லை. இது வீட்டிலுள்ள ரவுட்டருடன் தொடர்பு கொள்ளும். தானாக இணையம் தராது. ரவுட்டருக்கு வந்த இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து தரும். இதற்கென மாதக் கட்டணம் இல்லை.

நினைவிற் கொள்க: வீட்டில் ரவுட்டர் இருப்பின் தேவைப்படுவது (ஆ). இணைவதற்குக் கம்பியில்லா வலையமைப்பு எதுவும் இல்லாவிடின் (ஆ) வாங்கியும் பயனில்லை. கடையிற் கேட்கும்போது "வைஃபை இசைவாக்கி, சிம் போடாதது" என்று கேளுங்கள்.

2. வரைவிலக்கணங்கள்

கணினி வலையமைப்பு: தரவுகளையும் வளங்களையும் பகிர்ந்து கொள்வதற்காக ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகளின் தொகுதி வலையமைப்பு எனப்படும். ஒரு வீட்டுக்குள் அல்லது ஒரு கட்டடத்துக்குள் அமைவது இடத்துரி வலையமைப்பு ஆகும்.

வலையமைப்பு இடைமுக அட்டை: ஒரு கணினியை வலையமைப்பு ஒன்றுடன் இணைக்கும் வன்பொருள். யூ.எஸ்.பி. கம்பியில்லா இசைவாக்கியும் ஒரு வலையமைப்பு இடைமுக அட்டையே. அது தாய்ப்பலகையில் இல்லாமல் வெளியிற் பூட்டப்படுகிறது என்பதே வேறுபாடு.

ஊடக அணுகல் கட்டுப்பாட்டு முகவரி: ஒவ்வோர் இடைமுக அட்டைக்கும் தயாரிப்பாளர் இடும் 48 பிற்று நீளமான முகவரி. இது 12 பதினறும இலக்கங்களால் எழுதப்படும். ஒரு பதினறும இலக்கம் 4 பிற்றுகள் என்பதால் 12 × 4 = 48. எண் முறைமைகள் பாடத்துடன் இதனைத் தொடர்புபடுத்திப் படியுங்கள்.

வழிப்படுத்தி: நாம் ரவுட்டர் என்பது இதனையே. வீட்டு வலையமைப்பையும் இணையத்தையும் தொடுத்து, தரவுப் பொதிகளை உரிய இடத்துக்கு அனுப்பும் கருவி. வீட்டு வழிப்படுத்திக்குள்ளேயே கம்பியில்லா அணுகற் புள்ளியும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும்.

3. எவ்வாறு தொழிற்படுகின்றது?

இசைவாக்கி ஒரு சிறிய வானொலி என்று எண்ணிக் கொள்ளுங்கள். சாதாரண வானொலி கேட்க மட்டும் செய்யும். இது கேட்கவும் பேசவும் செய்யும். கணினி தரும் 0, 1 என்னும் பிற்றுகளை வானொலி அலைகளாக மாற்றி அனுப்பும். வழிப்படுத்தியிலிருந்து வரும் அலைகளை மீண்டும் பிற்றுகளாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும். இங்கு ஊடகம் வளி வெளியாகும். ஆகவே இது வழிப்படுத்தப்படாத ஊடகம் என்னும் வகையுள் அடங்கும். முறுக்கிய சோடிக் கம்பி, ஒளியியல் நார் ஆகியன வழிப்படுத்தப்பட்ட ஊடகங்கள்.

வீட்டு வலையமைப்புகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் ஆகிய மீடிறன்களைப் பயன்படுத்துகின்றன. விஞ்ஞான பாடத்திற் படித்த சமன்பாட்டை இங்கு பிரயோகிப்போம்.

அலைநீளம் = வேகம் ÷ மீடிறன்
= 300,000,000 ÷ 2,400,000,000
= 0.125 மீற்றர், அதாவது 12.5 சென்ரிமீற்றர்

5 கிகாஹேட்ஸில் இது 6 சென்ரிமீற்றர். 5 கிகாஹேட்ஸில் வேகம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் சுவர்களைக் கடக்கையில் அது 2.4 கிகாஹேட்ஸ் அலையிலும் அதிகமாக நலிவடையும்.

4. நியமங்கள்

வெவ்வேறு கொம்பனிகள் செய்த கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொது நியமம் வேண்டும். ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவகம் 802.11 என்னும் நியமத்தை 1997 இல் வெளியிட்டது. அதன் பின்வந்த வளர்ச்சி:

802.11பி – 1999 – செக்கனுக்கு 11 மெகாபிற்று
802.11ஜி – 2003 – செக்கனுக்கு 54 மெகாபிற்று
802.11என் – 2009 – செக்கனுக்கு 600 மெகாபிற்று வரை
802.11ஏசி – 2013 – 5 கிகாஹேட்ஸில், அதிலும் கூடிய வேகம்

இவை கொள்கை ரீதியான உச்ச வேகங்கள். நடைமுறையிற் கிடைப்பது இவற்றிலும் குறைவு.

5. வேகத்தைத் தீர்மானிப்பது எது?

அகன்ற வீதியால் எவ்வளவு வேகமாக வந்தாலும் எமது ஊர் ஒழுங்கைக்குள் திரும்பியதும் வண்டி மெதுவாகத்தான் போக வேண்டும். தரவும் அவ்வாறே. பாதையில் மிக ஒடுங்கிய பகுதி எதுவோ அதுவே முழு வேகத்தையும் தீர்மானிக்கும்.

உதாரணம்: 60 மெகாபைற்று அளவான பாட வீடியோ ஒன்று.
60 × 8 = 480 மெகாபிற்று

யூ.எஸ்.பி. 1.1 துறை (செக்கனுக்கு 12 மெகாபிற்று): 480 ÷ 12 = 40 செக்கன்
802.11ஜி இணைப்பு (செக்கனுக்கு 54 மெகாபிற்று): 480 ÷ 54 = ஏறத்தாழ 9 செக்கன்
செக்கனுக்கு 4 மெகாபிற்று இணைய இணைப்பு: 480 ÷ 4 = 120 செக்கன்

மூன்றும் ஒரே பாதையில் இருப்பின் வீடியோ வந்து சேர 120 செக்கன் எடுக்கும். இவ்வீட்டில் இதிலும் விலை கூடிய இசைவாக்கி வாங்கினாலும் இணையத்திலிருந்து வரும் வேகம் கூடாது. ஆனால் வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து மற்றக் கணினிக்குக் கோப்பு அனுப்பும்போது வேகம் கூடும்.

6. பூட்டும் படிமுறை

படி 1: கணினியின் பணிசெயல் முறைமை எது எனப் பாருங்கள். இசைவாக்கியின் பெட்டியில் அதன் பெயர் இருக்கின்றதா எனச் சரிபாருங்கள்.

படி 2: செலுத்தி மென்பொருளை நிறுவுங்கள். புதிய முறைமைகள் பல இதனைத் தாமே கண்டறியும். பழைய கணினியில் இணையத்திலிருந்து இறக்க வேண்டி வரலாம். ஆனால் இணையம் வருவதற்கே செலுத்தி வேண்டும். கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற கதைதான். வேறொரு கணினியில் இறக்கிப் பென் டிரைவிற் கொண்டு வருவதே வழி.

படி 3: இசைவாக்கியை யூ.எஸ்.பி. துறையிற் பூட்டுங்கள்.

படி 4: தோன்றும் பட்டியலில் உங்கள் வலையமைப்பின் பெயரைத் தெரிவு செய்து கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

படி 5: ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168.1.5 போன்ற ஒன்று இருப்பின் வழிப்படுத்தி முகவரி வழங்கியுள்ளது. 169.254 எனத் தொடங்கினால் வழிப்படுத்தியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. இணைப்பை நிறுத்தி மீண்டும் முயலுங்கள்.

7. எங்கே வைப்பது?

எமது மாணவியின் வீட்டுக்குத் திரும்புவோம். இரண்டாம் முறை சரியான இசைவாக்கி வந்தது. கணினியின் பின்பக்கத்திற் பூட்டினார்கள். வலையமைப்பின் பெயர் தெரிந்தது. ஆனால் இணைப்பு அடிக்கடி அறுந்தது. இசைவாக்கி பழுதென்று திருப்பிக் கொடுக்கத் தகப்பனார் ஆயத்தமானார்.

நான் போய்ப் பார்த்தேன். கணினிக்குப் பின்னால் சுவர். பக்கத்தில் இரும்பு அலுமாரி. நடுவில் சுண்ணாம்புக் கல்லாற் கட்டிய பழைய வீட்டின் தடித்த சுவர்கள் இரண்டு. கணினியின் உலோகப் பெட்டியே இசைவாக்கிக்கும் ரவுட்டருக்கும் குறுக்கே நின்றது.

காரணங்களை விளங்கிக் கொள்ளுங்கள்.
– உலோகம் வானொலி அலையைத் தெறிக்கச் செய்யும். இரும்பு அலுமாரி, தகர மறைப்பு ஆகியவற்றின் பின்னால் அலை குறையும்.
– நீர் அலையை உறிஞ்சும். தண்ணீர்த் தாங்கி, ஈரச் சுவர் என்பன இடையூறாகும்.
– தடித்த கற்சுவர், கொங்கிறீற்றுச் சுவர் அலையை நலிவாக்கும். மரக் கதவு, திறந்த யன்னல் என்பவற்றூடாக அலை இலகுவிற் செல்லும்.
– நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ 2.4 கிகாஹேட்ஸிலேயே தொழிற்படுவதால் இடையூறு தரும்.

ஒரு மீற்றர் நீளமான யூ.எஸ்.பி. நீட்டிப்பு வடம் ஒன்றால் இசைவாக்கியைக் கணினியின் பின்னாலிருந்து எடுத்து நடுமுற்றத்தைப் பார்த்த யன்னலடியில் வைத்தோம். ரவுட்டரை நிலத்திலிருந்து எடுத்து உயரமான தட்டில் வைத்தோம். இணைப்பு நிலைத்தது. மாணவி ஈ-தக்சலாவ இணையத்தளத்தைத் திறந்தார். பின்னேரத்தில் அவரும் தமையனும் ஒரே இணைப்பில் வெவ்வேறு பாடம் படிக்கக்கூடியதாயிற்று.

குறிப்பு: நீட்டிப்பு வடம் மிக நீளமாக இருக்கலாகாது. யூ.எஸ்.பி. 2.0 வடத்திற்கு 5 மீற்றர் எல்லையாகும்.

8. பாதுகாப்பும் சட்டமும்

வானொலி அலை மதிலோடு நிற்பதில்லை. ஒழுங்கை வரை போகும். ஆகவே கடவுச்சொல்லும் குறியாக்கமும் அவசியம்.

டபிள்யூ.இ.பி. என்னும் பழைய குறியாக்க முறையின் பலவீனங்கள் 2001 இலேயே வெளிப்பட்டன. அதனைப் பயன்படுத்த வேண்டாம். 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையைத் தெரிவு செய்க. ரவுட்டருடன் வந்த ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுக. தொலைபேசி இலக்கம், பிறந்த திகதி என்பவற்றைக் கடவுச்சொல்லாக இட வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. பக்கத்து வீட்டு வலையமைப்பின் பெயர் உங்கள் திரையிற் தெரிவது அதற்குள் நுழையும் உரிமை அல்ல. அதிகாரமின்றிக் கணினி ஒன்றையோ அதிலுள்ள தகவலையோ அணுகுதல் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தவறாகும். கடவுச்சொல்லை ஊகித்து நுழைவதை விளையாட்டாக எண்ணாதீர்கள். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது எனது மாணவர் ஒருவர் பக்கத்து வீட்டு மாமியிடம் நேரே போய், "மாமி, படிக்கிற நேரம் மட்டும் உங்கட வைஃபையைப் பாவிக்கலாமோ?" என்று கேட்டார். மாமி சந்தோசமாகக் கடவுச்சொல்லைக் கொடுத்தார். கேட்டுப் பெறுவது சட்டத்துக்கும் சரி, அயலுக்கும் அழகு.

9. மாதிரி வினாக்கள்

(1) யூ.எஸ்.பி. கம்பியில்லா இசைவாக்கி எவ்வகைக் கருவி? அது கைத்தொலைபேசி வலையமைப்பு மொடெமிலிருந்து வேறுபடும் இரு விதங்களைத் தருக.
விடை: வலையமைப்பு இடைமுக அட்டை. சிம் அட்டை தேவையில்லை. இணையத்தைத் தானாகப் பெறாது, வழிப்படுத்தியுடன் தொடர்பு கொள்ளும்.

(2) ஒரு கணினியின் ஐபி முகவரி 169.254.12.7 எனக் காட்டப்படுகிறது. இதிலிருந்து அறியக்கூடியது யாது?
விடை: வழிப்படுத்தியிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை.

(3) 30 மெகாபைற்றுக் கோப்பு ஒன்று செக்கனுக்கு 12 மெகாபிற்று வேகத்தில் வந்து சேர எடுக்கும் நேரம் யாது?
விடை: 30 × 8 = 240; 240 ÷ 12 = 20 செக்கன். பைற்றைப் பிற்றாக மாற்ற மறப்பதே பலரும் விடும் தவறு.

(4) வலையமைப்பின் பெயர் திரையிற் தெரிந்தும் இணைப்பு அடிக்கடி அறுகின்றது. செலவின்றிச் செய்யக்கூடிய இரு திருத்தங்களைக் கூறுக.
விடை: வழிப்படுத்தியை உயரமான, திறந்த இடத்தில் வைத்தல், கணினியை உலோகப் பொருட்களிலிருந்து விலக்கி வைத்தல்.

மாணவர்களே, போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத எமது ஊரில் பெரியோர் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். கருவி எப்படி வேலை செய்கின்றது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் இருந்ததைக் கொண்டே கேட்டார்கள். நீங்களும் புதியதை வாங்க முன்னர், வீட்டில் இருப்பது எப்படி வேலை செய்கின்றது என்று பாருங்கள். பரீட்சை மண்டபத்தில் நான்காம் வினாவுக்கு விடை எழுதவும் அது உதவும். தகப்பனார் இன்னொரு முறை பட்டணத்திற்குச் சைக்கிள் மிதிப்பதையும் அது தடுக்கும்.